அலை முடியில் ஃபிளாட் டுவிஸ்ட்: தன் தலைக்குத் தானே போட்டுக்கொள்ளும்போது ஏன் தளர்கிறது?

கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தோளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கும் அலை முடி அவருக்கு. இரண்டு பிரிவு முடியைத் தலையோடு ஒட்டி முறுக்கிக்கொண்டே போகும் ஃபிளாட் டுவிஸ்ட் அலங்காரத்தைக் காணொளிகளைப் பார்த்துப் பழகியிருக்கிறார். அக்காள் மகளுக்குப் போட்டுவிட்டால் ஓரளவு ஒழுங்காக வருகிறது. தன் தலையில் போட்டுக்கொண்டால் வகிடு கோணுகிறது, பிடரிக்கு வருவதற்குள் தளர்ந்துவிடுகிறது, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றும்போது காதோரம் பாதி பிரிந்து கிடக்கிறது. எங்கே தவறுகிறது என்று கேட்கிறார்.

மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. பிரிந்துபோவதற்குக் காரணம் உங்கள் முடியின் இயல்பு. அதைத்தான் நீங்கள் பார்த்த காணொளிகள் சொல்லாமல் விட்டிருக்கும். பிடரியில் தளர்வதற்குக் காரணம் உச்சியைத் தாண்டியதும் கையும் தலையும் நிற்கும் நிலை. வகிடு கோணுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி. இவற்றுள் முதலாவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது சரியாகாத வரை மற்ற இரண்டையும் திருத்தியும் பயனில்லை.

ஃபிளாட் டுவிஸ்ட் ஆப்பிரிக்க மக்களும், அங்கிருந்து அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வாழ நேர்ந்த அவர்களின் வழித்தோன்றல்களும் வளர்த்தெடுத்த சிகையலங்காரம். தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோவுக்கு மூன்று கால், அதாவது மூன்று முடிப் பிரிவு, வேண்டும். இதற்கு இரண்டே கால். அந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடத்திக்கொண்டே, வழியில் உள்ள முடியையும் சேர்த்துக்கொண்டே பின்னோக்கிப் போவதுதான் முறை. இணையத்தில் இதைக் கற்றுத்தரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இறுக்கமாகச் சுருண்ட முடி. அமெரிக்கச் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பரவலாக்கிய வகைப்பாட்டின்படி அது நான்காம் வகை: நேர் முடி ஒன்று, அலை முடி இரண்டு, சுருட்டை மூன்று, நெருக்கமான சுருள் நான்கு. நான்காம் வகை முடியில் ஓர் இழை பக்கத்து இழையைத் தானே பற்றிக்கொள்ளும். இரண்டு காலையும் வெறுமனே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாலே அது நிற்கும், நுனியில் ரப்பர்கூட வேண்டியதில்லை. நம்மவர் தலைகளில் நேர் முடியும் உண்டு, நல்ல சுருட்டையும் உண்டு, ஆனால் பலரிடம் காணப்படுவது அலை முடியும் தளர்ந்த சுருட்டையும்தான். அந்த முடி வழுக்கும். காணொளியில் காட்டியபடியே அப்பழுக்கில்லாமல் செய்தாலும் அது பிரியும்.

இதற்குத் தீர்வு கயிறு திரிப்பதில் இருக்கிறது. தேங்காய் நார்க் கயிறு திரிப்பவர் ஒவ்வொரு புரியையும் முதலில் ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு இரண்டு புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார். தனிப் புரி பிரிய முயலும் திசையும் கயிறு இறுகும் திசையும் அப்போது ஒன்றாகிவிடுவதால், புரி பிரியப் பார்க்கும்தோறும் கயிறு இறுகுகிறது. முடிக்கும் இதே கணக்குதான். இரண்டு காலையும் ஒரே பக்கம் திருகி அதே பக்கமே கடத்தினாலோ, காலைத் திருகாமல் வெறுமனே கடத்தினாலோ, கையை விட்டதும் அவிழும்.

தலையில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றியோரத்தில் விரல் பருமன் அளவுக்கு முடியெடுத்து இரண்டாகப் பிரித்தால், ஒரு கால் நடு வகிட்டின் பக்கமாகவும் மற்றது காதின் பக்கமாகவும் இருக்கும். முன்னதை மேல் கால் என்றும் பின்னதைக் கீழ்க்கால் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனியே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து, நடு வகிட்டின் பக்கமாகத் திருகுங்கள். பிறகு மேல் காலைத் தூக்கிக் கீழ்க்காலின் மேலாகக் காதுப் பக்கம் கடத்துங்கள். இப்போது இடம் மாறிவிட்டது: கீழே இருந்தது மேலே வந்திருக்கிறது. அப்படி மேலே வந்த காலோடு வரிசையிலிருந்து கொஞ்சம் முடியைச் சேர்த்து, சேர்த்த முடியும் பழைய முடியும் ஒன்றாகும் வரை மறுபடி வகிட்டின் பக்கம் திருகி, மறுபடி காதின் பக்கம் கடத்துங்கள். புது முடி எப்போதும் மேல் காலோடுதான் சேர வேண்டும். கால்கள் மாறி மாறி மேலே வருவதால் இரண்டுக்கும் சம அளவு தானாகவே கிடைத்துவிடும். வலப்பக்கத்துக்குச் சொன்ன இதே விதியை இடப்பக்கத்திலும் பின்பற்றினால் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிரொளி போல அமையும். வலம் இடம் என்று குழம்ப வேண்டியதில்லை, வகிட்டின் பக்கம் திருகு, காதின் பக்கம் கடத்து என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சரியாகத் திருகுகிறோமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கைந்து முறை கடத்தியபின் நுனியைப் பிடிக்காமல் கையை எடுத்துப் பாருங்கள். முறுக்கு அரைச் சுற்று தளர்ந்து நின்றுவிட்டால் சரி. பம்பரம் போலச் சுழன்று முழுவதும் அவிழ்ந்தால் திருகிய திசையும் கடத்திய திசையும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். தலையில் தொடங்குவதற்கு முன் கதவுக் கைப்பிடியில் இரண்டு நிறக் கம்பளி நூலைக் கட்டி இந்த அசைவை மட்டும் பழகிக்கொள்வது நல்லது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நூல் வேலை சலிப்பூட்டும், நேரே தலையில் கை வைக்கத்தான் ஆசைப்படுவார்கள். ஆனாலும் நான் விடுவதில்லை.

அடுத்தது முடியைத் தயார் செய்வது. இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. தலை வாரப்போகிறோம் என்றாலே உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் எடுக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயைக் குறை சொல்வதற்கில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே புகக்கூடியது என்பதே காரணம். ஆனால் அந்த நன்மை குளிப்பதற்கு முன் தடவினாலே கிடைத்துவிடும். முறுக்குப் போடும் நேரத்தில் முடியின் மேல் நிற்கும் எண்ணெய் இழைகளை மேலும் வழுக்கச் செய்யும். எனவே முந்தின இரவு எண்ணெய் வைத்து, காலையில் ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனரோடு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்துவிடுங்கள். முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கக் கூடாது. துண்டால் ஒற்றி, தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவுக்கு உலரட்டும். ஈர முடி அதிகமாக இழுபடும். அந்த நிலையில் இறுக்கிப் போட்டால் காயும்போது சுருங்கி, மாலையில் தலைத்தோல் வலிக்கும்.

பிடிமானத்துக்கு ஜெல் வேண்டும். கடையில் வாங்குவதானால் பொருள் பட்டியலைப் பாருங்கள்: கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் நம் ஊருக்கு ஆகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும் கோலாலம்பூரில் அது முடியை உப்பச் செய்து முறுக்கின் ஓரமெல்லாம் இழை இழையாகக் கிளப்பிவிடும். வீட்டில் செய்வதானால் கால் கோப்பை ஆளி விதையை இரண்டு கோப்பை நீரில் கொதிக்கவைத்து, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறிவிட்டால் வடியாது. குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் அதன் முறை வரும்போது மட்டும் சிறிதளவு தடவினால் போதும். தலை முழுக்க முன்கூட்டியே தடவினால் கடைசி வரிசைக்கு வருவதற்குள் காய்ந்து வெள்ளையாகப் பொரிந்துவிடும்.

வகிட்டுக்கு வருவோம். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது வகிடுதான். முறுக்கு சற்று முன்னே பின்னே இருந்தாலும் வகிடு நேராக இருந்தால் வேலை சுத்தமாகத் தெரியும். முகக் கண்ணாடியில் பார்த்தபடி முன்பக்கத்தைப் பிரித்துவிடலாம். பின்பக்கத்துக்கு இன்னொரு கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது, கையை நகர்த்த நினைத்த திசையும் கண்ணுக்குத் தெரியும் அசைவும் ஒத்துவராமல் போய், திருத்தத் திருத்தக் கோணல் கூடும். பின்பக்கத்துக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு எலும்பை நம்புங்கள். ஒவ்வொரு தலையிலும் தொட்டால் தெரியும் அடையாளங்கள் உண்டு: புருவத்தின் வளைவு உயர்ந்திருக்கும் இடம், காதின் மேல் நுனி, பின்னந்தலையில் பிடரிக்கு மேலே புடைத்திருக்கும் எலும்பு. முதலில் ஒரு காதின் மேல் நுனியிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை ஒரே கோடு எடுத்து, முன்பாதியையும் பின்பாதியையும் பிரித்துக் கிளிப் போடுங்கள். பிறகு நடு வகிடு. அதன்பின் ஒவ்வொரு புருவ வளைவிலிருந்தும் காதுக் கோடு வரை ஒன்று. அதே கோட்டைப் பின்பாதியில் பிடரி எலும்பின் அந்தந்தப் பக்கத்தை நோக்கி நீட்டுங்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு வரிசை கிடைக்கும். தொடங்குபவருக்கு நான்கு போதும். எட்டு, பத்து என்று மெல்லிய வரிசைகள் அழகுதான், ஆனால் வரிசை மெலிய மெலிய வகிட்டின் குற்றம் பெரிதாகத் தெரியும்.

வகிடு எடுக்க வால் சீப்புத்தான் வேண்டும், உலோக வால் இருந்தால் இன்னும் நல்லது. வாலின் முனை தோலைத் தொட்டபடியே, நடுவில் தூக்காமல், ஒரே இழுப்பில் போக வேண்டும். பாதியில் தூக்கி மறுபடி வைத்தால் அந்த இடத்தில் ஒரு முட்டு விழும். பிரித்த பக்கங்களை உடனே சீப்பால் எதிரெதிராக வாரி, சிறிது ஜெல் தடவிப் படியவைத்துவிட்டால் எல்லை தாண்டும் முடி நின்றுவிடும். சரிபார்ப்பதற்குக் கைப்பேசியின் பின்பக்கக் கேமராவால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது இடம் வலம் மாற்றாது, கோணலையும் மறைக்காது.

பிடரிக்கு வருவதற்குள் தளர்ந்துபோவதாகச் சொன்னீர்கள். அக்காள் மகளுக்குப் போடும்போது உங்கள் கை எப்போதும் உங்கள் முன்னால் ஒரே நிலையில் இருக்கிறது; தளர்ந்தால் நீங்கள் இடம் மாறி நிற்கிறீர்கள். உங்கள் தலையில் போடும்போது நெற்றியிலிருந்து உச்சி வரை முழங்கை முன்னால் இருக்கும். உச்சியைத் தாண்டியதும் முழங்கையை உயர்த்தி, விரல்நுனி கீழ்நோக்க, மணிக்கட்டைத் திருப்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் பலரும் பிடியை விட்டுப் பிடிக்கிறார்கள். விடாமல் திரும்புவதற்கு வழி: உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே இரண்டு காலையும் ஒரே கையின் விரல்களுக்கிடையில் மாட்டி, அந்தக் கையால் முறுக்கைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை முதலில் புது நிலைக்குக் கொண்டுபோங்கள். அது நிலைபெற்றபின் முதல் கையை மாற்றுங்கள். தோள் வலித்தால் முறுக்கின் மேல் ஒரு கிளிப்பைப் போட்டுவிட்டுக் கையைக் கீழே இறக்குங்கள். வலியோடு தொடர்ந்தால் கை தானாகவே தலையைவிட்டு விலகும்.

கை தலையைவிட்டு விலகுவதுதான் தளர்ச்சியின் நேரடிக் காரணம். விரல் முட்டி தலைத்தோலில் உரசிக்கொண்டே போக வேண்டும். முடியை வெளிப்பக்கமாக இழுக்காமல், வரிசை போகும் திசையில், தோலை ஒட்டி இழுக்க வேண்டும். புது முடியை எடுக்கும்போது கை ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு நேர் கீழேயிருந்து எடுங்கள். பின்னால் விட்டுப்போனதை எட்டி எடுத்தால் அங்கே ஒரு வளையம் தொங்கும், எடுக்காமல் தாண்டிப் போனால் இடைவெளி விழும். ஒவ்வொரு முறையும் எடுக்கும் அளவு ஒன்றாக இருக்கட்டும். சுண்டுவிரல் நகத்தால் வரிசையின் இந்த வகிட்டிலிருந்து அந்த வகிடு வரை ஒரு கோடு கீறி எடுத்தால் அளவும் மாறாது, அடுத்த வரிசையின் முடியும் கலக்காது.

தலையைக் குனிந்துகொள்வது இன்னொன்று. பிடரியை எட்டும்போது எல்லோரும் தம்மை அறியாமல் மோவாயை நெஞ்சில் வைப்பார்கள். குனியும்போது பிடரித் தோல் விரிகிறது. அந்த நிலையில் இறுக்கமாகப் போட்ட முறுக்கு, தலையை நிமிர்த்தியதும் தோல் சுருங்குவதால் புடைத்துத் தொங்கும். கண் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மோவாயைச் சற்றே உயர்த்தி, பிடரிப் பகுதியை முடியுங்கள். இதற்குக் கண்ணாடி உதவாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் அறிந்து செய்வதே சுலபம். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் ஒரே ஒரு வரிசையை மட்டும் போட்டு அவிழ்த்துப் பழகுங்கள். உறவினர் திருமணத்துக்குக் கிளம்பும் காலை அதற்கு ஏற்ற வேளையல்ல.

பிடரியைத் தாண்டியபின் சேர்க்க முடி இருக்காது. அதே திருகலும் கடத்தலுமாக நுனி வரை போய், துணி சுற்றிய மெல்லிய ரப்பரால் கட்டிவிடுங்கள். நான்கு முறுக்கையும் சேர்த்துத் தாழ்வாகக் கொண்டை போடலாம், தொங்கவும் விடலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் சரம் வாங்கி வைப்பதானால், கொண்டை ஊசியை முறுக்கின் இரண்டு காலுக்கும் இடையே செருகுங்கள். மேலே செருகினால் முறுக்கையே அது இழுத்துவிடும்.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை, ஃபிளாட் டுவிஸ்ட் அதற்கு மிகவும் ஏற்ற அலங்காரம் என்றே சொல்வேன், ஏனெனில் மேடு எதுவும் இல்லை. காதோரம் பிரிவதற்குக் காரணம், போடும்போதும் கழற்றும்போதும் உட்பஞ்சு அந்த இடத்தைத்தான் உரசுகிறது. அங்கே இருப்பதோ தலையிலேயே குட்டையான முடி. மெல்லிய சாட்டின் துணியை நெற்றியோரம் முதல் பிடரி வரை கட்டி, அதன்மேல் தலைக்கவசத்தை அணியுங்கள். பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சும், ஆனால் உரசவும் செய்யும். கொண்டையைத் தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே வருமாறு போடுங்கள்.

இறுக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரியக் கூடாது என்பதற்காக இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன எதிர்த்திருகல் சரியாக அமைந்தால் இறுக்கம் தேவையே இல்லை. இறுக்கிப் பிடித்துத்தான் நிற்கிறது என்றால் திருகலில் குறை இருக்கிறது. தொடர்ந்து இழுபடுவதால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி கொட்டிப்போவதை மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாக அறிவார்கள். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கித் தூக்கிக் கட்டியதால் ஏற்பட்ட உதிர்வைப் பற்றிய பதிவு 1907ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தொடக்கத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர்க்கால் தழும்பாகி அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும். புருவத்தை உயர்த்தும்போது நெற்றித் தோல் இழுபட்டாலோ, முடியடியில் சிறு கொப்புளங்கள் தோன்றினாலோ, தூங்கும்போது தலை வலித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். அக்காள் மகளின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும், குழந்தைகள் பல சமயம் வலியைச் சொல்வதில்லை. நெற்றியோரத்தில் பூனை முடி போல இருக்கும் சிறு இழைகளை முறுக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

நம் வகை முடியில், நம் வெயிலிலும் வியர்வையிலும், ஒரு வாரத்துக்கு மேல் இதை வைத்திருப்பதில் பொருளில்லை. அவிழ்த்து அலையலையாக விட்டுக்கொள்வது நோக்கமானால், முழுவதும் காய்ந்தபின்தான் அவிழ்க்க வேண்டும். ஈரம் முடியிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. காயும்போது, அப்போது இருக்கும் வடிவிலேயே அவை மறுபடி பிணைகின்றன. உள்ளே ஈரம் இருக்கும்போது அவிழ்த்தால் பிணைப்பு அரைகுறையாகி, அலைக்குப் பதில் பொசபொசவென்று உப்பும். மேல்பக்கம் காய்ந்தது போலத் தோன்றினாலும் தோலை ஒட்டிய பகுதி இங்கே மெதுவாகத்தான் உலர்கிறது, ஆகையால் படுக்கப்போகும் முன் முடியுலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து வேர்ப்பகுதிக்குக் காற்றுக் காட்டுங்கள். அவிழ்க்கும் நாளில் விரல் நுனியில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, நுனியிலிருந்து, கடத்திய திசைக்கு எதிராகச் சுழற்றி மேலே வாருங்கள், சீப்பு வேண்டாம். அடுத்த முறை போடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் முடியைத் தளர விட்டு, வகிட்டை அரை விரல் தள்ளி எடுங்கள். ஒரே முடி ஒவ்வொரு முறையும் ஓரத்தில் நின்று இழுபடாமல் இருப்பதற்காக.